அக்கா விட்டுவிட்டுப் படித்த பத்தி

திருவண்ணாமலை,
22.1.1979

அன்புத் தங்கை உண்ணாமலைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஒரு கார்டில் 'நலம்' என்று மட்டும் எழுதி, மீதி இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புவாய். அதனால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் அப்பா மண்டியை விட்டு வீட்டுக்கு வந்தார். மல்லாட்டைக் கடலை வரத்து ஜாஸ்தியாக இருக்கும் மாசத்தில் அவர் அப்படி வந்ததே கிடையாது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்து, "படி" என்றார். டீக்கடையில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். 'கல்லூரி மகளிர் கூடைப்பந்து இறுதி ஆட்டம்: திருவண்ணாமலை மாணவி அ. உண்ணாமலை அபாரம்.' அம்மா, "எந்த எடத்துல எம்பொண்ணு பேரு, காட்டு" என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

உன் பழைய பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ராணியம்மாள் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்களாம். நாங்கள்தான் கடைசியில் டீக்கடை பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இது நியாயமா, நீயே சொல்.

எதிர்வீட்டுப் பாஞ்சாலை, "பம்பாய் மாமாவுக்குத் தெரியுமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "தந்தி குடுத்துட்டோம்" என்றாள். வேலூரில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் பம்பாய்க்குத் தந்தி! நான் உள்ளே போய்விட்டேன். நீ சிரிப்பாய் என்று எழுதுகிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மேட்சில் என்ன நடந்தது என்று முழுக்க எழுது. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உன் அக்கா,
திரௌபதி

சென்னை,
28.1.1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதோடு நிறுத்தினால் திட்டுவாய்.

பாதி ஆட்டம் வரை நான் பெஞ்சில்தான் இருந்தேன். துண்டு எடுத்துக் கொடுப்பதும் தண்ணீர் கொடுப்பதும்தான் என் வேலை. எங்கள் கேப்டன் ரேணுகா கால் பிசகி விழுந்துவிட்டாள். அப்போது நாங்கள் பதினாலு பாயிண்ட் பின்னால் இருந்தோம். கோச்சுக்கு என் பெயர் சட்டென்று வரவில்லை. "ஏம்மா உயரம், நீ போ" என்றார்.

முதல் பந்தைக் கை நழுவ விட்டேன். கேலரியில் சிரித்தார்கள். இரண்டாவது பந்து கைக்கு வந்ததும், யாரையும் பார்க்காமல் திரும்பிப் போட்டேன். விழுந்தது. நம் ஊர் மைதானத்தில் வளையம் மட்டும்தான் இருக்கும், வலை கிடையாது. பந்து உள்ளே போனதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இங்கே வலை இருக்கிறது. பந்து விழும்போது ஈரப் புடவையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. அப்புறம் இன்னொரு தடவை. அவ்வளவுதான் அக்கா. எத்தனை போட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் பேப்பரில்தான் இருபத்தெட்டு என்று பார்த்தேன். மூன்று பாயிண்டில் ஜெயித்தோம். எல்லோரும் என்மேல் விழுந்து கட்டிக்கொண்டபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரேணுகாவின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

கோர்ட்டுக்குள் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து பரசுராமன் என்று ஒருவர் ஹாஸ்டலுக்கு வந்தார். வார்டன் அறையில் உட்கார வைத்து ரொம்ப நேரம் பேசினார். நல்ல மாதிரி. நான் பதில் சொல்ல நேரமானாலும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். எனக்காக அப்படி யாரும் காத்திருந்ததில்லை. ஊர் விலாசம் கேட்டார், கொடுத்தேன். அங்கேயும் வருவார் போலிருக்கிறது.

அம்மாவிடம் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உண்ணாமலை

திருவண்ணாமலை,
6.2.1979

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்தேன். ஈரப் புடவை என்ற இடம் வந்ததும், "அந்த சத்தம் எனக்குத் தெரியும்" என்றாள்.

உன் பரசுராமன் வந்துவிட்டுப் போனார். கூடவே போட்டோ எடுக்கிறவர் ஒருவர். ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் போட்டிருக்கிறார்களாம். அம்மா நாலு வீடு அலைந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்து காப்பி கொடுத்தாள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, நேராக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். நான் கலியாணப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். "வேணாங்க, தினமும் கட்டறதே கட்டிக்குங்க. இயல்பா இருக்கட்டும்" என்றார். மறுபடி மாற்றிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். ஆசிரமத்து வெள்ளைக்காரி ஒருத்தி தைக்கக் கொடுத்த தொளதொள சட்டைதான் மடியில் இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்கார்?" என்று கேட்டார்.

"பம்பாயில."

"பம்பாயில எங்க?"

அம்மா முந்திக்கொண்டு, "கடலுக்குப் பக்கத்துல" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை உண்ணா. ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்கிற பார்வை. அவர்கள் கிளம்பும்போது வழியனுப்ப வாசலில் வந்து நின்றேன். அப்போது தெருவிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார்கள். சொல்லாமல் எடுத்தார்கள். தலைகூடச் சரியாக இல்லை.

அப்புறம் சோடாக் கடையில் சுப்பனோடு ரொம்ப நேரம் நின்று பேசினார்கள். நம் தெருவில் பேச அவ்வளவு என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான்தான் எல்லாவற்றிலும் குற்றம் பார்க்கிறேன் என்கிறாள். இருக்கலாம். அங்கே நீ அவரிடம் என்ன பேசினாய்?

உன் அக்கா,
திரௌபதி

சென்னை,
13.2.1979

அக்கா,

இந்த வாரம் அந்தப் பத்திரிகை வந்தால் வாங்க வேண்டாம். அப்பாவையும் வாங்கவிடாதே. யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் அம்மாவுக்குப் படிக்காதே. ஹாஸ்டலில் இன்று காலையில்தான் பார்த்தேன். நான் பிறகு எழுதுகிறேன். தயவுசெய்து வாங்காதே.

உண்ணாமலை

திருவண்ணாமலை,
16.2.1979

உண்ணாமலைக்கு,

உன் கடிதம் நேற்று வியாழக்கிழமை வந்தது. பத்திரிகை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

அப்பா ஐந்து பிரதி வாங்கி வந்தார். அம்மா தெருவையே கூப்பிட்டாள். வாசலில் பாய் போட்டு, பாஞ்சாலை, அவள் அம்மா, சுப்பன் பெண்டாட்டி, தண்ணீருக்கு வந்தவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். நான் நடுவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். எனக்கு நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா, அன்றைக்குக் கொஞ்சம் கூடவே ராகம் போட்டுப் படித்தேன். கோச் சொன்னது, ரேணுகா சொன்னது, நீ பந்தைத் தூக்கிப் போடுகிற படம். ஒவ்வொரு வரிக்கும் அம்மா சுற்றிலும் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

பக்கத்தைப் புரட்டினேன். என் படம். வாசலில் தலை கலைந்து நிற்கிறேன். அதற்குக் கீழே இருந்ததை வாய் படிப்பதற்குள் கண் படித்துவிட்டது. 'ஆடி மாதத்துக்குப் பிறந்த வீடு வந்த அக்காவை அழைத்துப் போக மூன்று ஆண்டுகளாக யாரும் வரவில்லை. கணவர் பம்பாயில் என்கிறது குடும்பம். அவரோ வேலூரில், வேறு குடும்பத்துடன். "அக்கா மாதிரி ஆயிடக் கூடாதுனுதான் விளையாடறேன்" என்கிறார் உண்ணாமலை, தலையைக் குனிந்தபடி.'

அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தேன். குரல் மாறவில்லை என்றுதான் நினைத்தேன். பாஞ்சாலை என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அக்கா, ஒரு பத்தி வுட்டுட்டீங்களே" என்றாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். உண்ணா, பொத்திய வேகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பாஞ்சாலையின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பத்தியில் என்ன இருக்கும் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். நமக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள். நாம்தான் பம்பாயில் கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொருவராக, "அடுப்புல வச்சிட்டு வந்தேன்" என்று எழுந்து போனார்கள். அம்மா, "என்னடி எழுதியிருக்கான்?" என்றாள். சொன்னேன். பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனவள் மறுநாள்தான் வெளியே வந்தாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீ அப்படிச் சொன்னாயா?

திரௌபதி

சென்னை,
23.2.1979

அக்கா,

சொன்னேன்.

அவர் திரித்து எழுதிவிட்டார் என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

வேலூர் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கு எங்கே கிடைத்ததோ. மீதியை நான்தான் சொன்னேன். "சாயங்காலம் இருட்டற வரைக்கும் கிரவுண்டுல இருப்பியாமே, ஏன்? வீட்டுக்குப் போகப் பிடிக்காதா?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். அவரும் பேசாமல் இருந்தார். அவர் பாட்டுக்கு எழுந்து போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. "ஸ்கூல் வுட்டு வந்தா அக்கா வாசல்ல நின்னுனு இருப்பாங்க சார். மாமா கூப்பிட வரலை. அதைப் பார்க்க முடியாது. அதான் கிரவுண்டுக்குப் போயிடுவேன்" என்றேன். "பயமா இருந்துச்சா?" என்றார். அப்போதுதான் அதைச் சொன்னேன். சொன்னதும் மனசுக்கு லேசாக இருந்தது அக்கா. அதுதான் இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை, யாரென்றே தெரியாத ஒருவரிடம், காப்பி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டு லேசாக இருந்தேன்.

என்னைப் படிக்கவும் விளையாடவும் விட்டது நீ. அப்பா வேண்டாம் என்றபோது உன் தையல் கூலியில் எனக்குக் கான்வாஸ் ஷூ வாங்கித் தந்தது நீ. இதையும் அவரிடம் சொன்னேன். அதை அவர் போடவில்லை.

இங்கே நான் நடந்துபோனால் பெண்கள் பத்திரிகையில் வந்த மாதிரி தலையைக் குனிந்து காட்டிச் சிரிக்கிறார்கள். அது பரவாயில்லை. எனக்கு வேண்டியதுதான். ஆசிரியருக்கு அது பொய் என்று எழுதட்டுமா? நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

உண்ணாமலை

திருவண்ணாமலை,
4.3.1979

உண்ணாமலைக்கு,

நீ ஆமாம் என்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மறுபடி தொடவில்லை. இல்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் வாசலில் நின்றது உன் மாமாவுக்காக என்று நினைத்துக்கொண்டாயே, அது முதல் இரண்டு மாசம்தான். ஐப்பசி பிறந்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது. அப்புறம் நின்றதெல்லாம், இருட்டிவிட்டதே, இன்னும் இந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லையே என்றுதான். நான் நிற்பதைப் பார்க்க முடியாமல் நீ வரவில்லை. நீ வராததால் நான் நின்றேன். இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது வேறு விஷயம். புதன்கிழமை உன் மாமா வந்தார். மூன்று வருஷம் கழித்து. கூடவே அவர் பெரியப்பா. அவர் வேலை செய்கிற லாரி ஆபீசில் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். முதலாளி கூப்பிட்டுக் கேட்டாராம். அதற்காக வந்திருக்கிறார். 'நானும் என் கணவரும் ஒற்றுமையாக வாழ்கிறோம், என் தங்கை விவரம் தெரியாமல் சொன்னது' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டால், பங்குனி பதினைந்தாம் தேதி நல்ல நாள், வந்து அழைத்துப் போவாராம்.

"அங்க இருக்கறவ?" என்றேன்.

"அது ஒரு மாதிரி. நான் பார்த்துக்கறேன்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அப்பா வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பினார். அவர்கள் போனதும், "போய்டும்மா. நாலு பேர் வாயை மூடணும்" என்றார். மண்டியில், "அப்பாதுரை, பம்பாய்க்கு எத்தனை மூட்டை ஏத்தறது?" என்று கேட்கிறார்களாம். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லி அழுததைக் கேட்டேன். அப்பா அழுது நான் கேட்டதில்லை.

கையெழுத்து இன்னும் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் போய்விடலாம் என்றுதான் தோன்றுகிறது. என்னால்தானே இவர்களுக்கு இந்தத் தலைகுனிவு.

நீ யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம்.

திரௌபதி

சென்னை,
10.3.1979

அன்புள்ள அக்காவுக்கு,

போகாதே. உன்னால் இல்லை, என்னால். நீ அங்கே போனால் நான்தான் உன்னை அனுப்பி வைத்ததாக ஆகும்.

நேற்று பரசுராமன் மறுபடி வந்தார். நான் மாநில அணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். அதைக் கேட்க வந்தார் என்று வார்டன் கூப்பிட்டார்கள். அதற்காக இல்லை. மாமா பத்திரிகை ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். உன்னை அழைத்துப்போகப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். இவருக்கு ஒரே உற்சாகம். "நம்ம கட்டுரையால உங்க அக்கா வாழ்க்கை சேர்ந்துடுச்சு பாரும்மா. பிரிந்தவர் கூடினர்னு ஒரு பக்கம் போடறோம். படம் எடுக்க நாங்களும் வர்றோம். நீயும் வா" என்றார். ஏராளமான வாசகர்கள் உனக்காக வருத்தப்பட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்களாம். ஒரு கட்டு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தெரியாதவர்களெல்லாம் உன்னைப் பாவம் என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

இந்தத் தடவையும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் வார்டன் மணி பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். முதல் தடவையும் இப்படி இருந்திருக்கலாமே என்று அறைக்கு வந்து தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன்.

நான் அணியில் சேரவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். விளையாடினால்தானே வருகிறார்கள்.

உண்ணாமலை

திருவண்ணாமலை,
20.3.1979

உண்ணாவுக்கு,

விளையாட்டை விடாதே. நீ நிறுத்தினால், அதற்கும் அக்காதான் காரணம் என்று இன்னொரு பக்கம் எழுதுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை, கையில் துணிப்பை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். தேரடி வீதியில் நின்று, பத்திரிகையில் வந்த பெண் வீடு எது என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் கைகாட்டியிருக்கிறார்கள். பார், இப்போது நமக்கு விலாசம்கூட வேண்டாம்.

"திரௌபதிங்கறது நீங்களா?" என்றாள்.

"ஆமா. நீங்க?"

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். என் முகம், கை, கால் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது. "என் பேரு பச்சையம்மா. வேலூர்ல இருந்து வர்றேன்" என்றாள். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா உள்ளே இருந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தடுத்துவிட்டேன்.

"நீங்க செத்துட்டீங்கனு சொன்னாருக்கா. வாந்தி பேதியிலனு. அதுக்கப்புறம்தான் எங்க வீட்ல என்னைக் குடுத்தாங்க. வருஷா வருஷம் ஆடியில உங்களுக்குப் புடவை வச்சு, பூ வச்சு, படையல் போட்டுக் கும்பிட்டுனு இருக்கேன். 'அக்கா, என் குழந்தையைக் காப்பாத்து'னு உங்களைத்தான் வேண்டிக்குவேன். பத்திரிகையில படத்தைப் பார்த்துட்டு எதிர்வீட்டு அம்மா வந்து சொன்னாங்க. நேர்ல பார்த்தாத்தான் நம்புவேன்னு வந்தேன்."

நான் இங்கே கணவர் பம்பாயில் இருக்கும் பெண். அங்கே செத்துப்போய்த் தெய்வமான மூத்தாள். எந்த ஆடியில் நான் இங்கே வந்து உட்கார்ந்தேனோ, அதே ஆடியில் அங்கே எனக்குப் படையல்.

குழந்தை பசியில் அழுதது. அம்மாதான் சோறு பிசைந்து கொடுத்தாள். விளக்குமாற்றோடு வந்தவள்தான். சாப்பிட்டுவிட்டு அது என் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியது. அவர் ஜாடை அப்படியே இருக்கிறது. "நான் இப்ப என்னக்கா பண்ணட்டும்? கலியாணம் ஆனவனுக்கு வாழ்க்கைப்பட்டவனு சொல்றாங்க, வெளியில தலைகாட்ட முடியல" என்று கேட்டாள். எனக்கே தெரியாததை அவளுக்கு என்ன சொல்வேன்? கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போய்விட்டாள். போகும்போது என் காலில் விழப் பார்த்தாள். பிடித்துத் தூக்கினேன். உயிரோடு இருக்கிறவள் காலில் விழுகிறோமே என்ற நினைப்பு அவளுக்கு இருந்த மாதிரி தெரியவில்லை.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை; ஆனாலும் பங்குனி பதினைந்தாம் தேதி அவர்கள் வருகிறார்கள். அப்பா, வந்தவளைப் பற்றிப் பேசக் கூடாது என்கிறார். பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

திரௌபதி

பெங்களூர்,
22.4.1979

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான் போடும் மூன்றாவது கடிதம். அப்பா ஒரு கார்டில் 'திரௌபதி போகவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அடுத்தபடி கம்மியாகப் பேசுகிறவர் அவர்தான். ஏன் போகவில்லை, என்ன நடந்தது, நீ எப்படி இருக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை.

நீ சொன்னதால் மாநில அணியில் சேர்ந்துவிட்டேன். இங்கே முகாம். நன்றாக விளையாடுகிறேன் என்கிறார்கள். போட்டோ எடுக்க வந்தால் பின்வரிசைக்குப் போய்விடுகிறேன். என் உயரத்துக்கு எந்த வரிசையில் நின்றாலும் தெரிகிறது.

மே மாசம் லீவு. ஊருக்கு வரட்டுமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. நீ வா என்று எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் ஹாஸ்டலிலேயே இருந்துவிடுகிறேன்.

உண்ணாமலை

திருவண்ணாமலை,
3.5.1979

அன்புத் தங்கை உண்ணாமலைக்கு,

மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத உட்காருவேன், யாராவது ரவிக்கைத் துணியோடு வந்துவிடுவார்கள் என்று சொல்லலாம். அது பொய். கொஞ்ச நாள் யாருமே தைக்கக் கொடுக்கவில்லை. எழுத மனசில்லாமல்தான் இருந்தேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஒரு கார் வந்தது. உன் மாமாவும் அவர் பெரியப்பாவும் இறங்கினார்கள். பின்னாலேயே இன்னொரு காரில் பரசுராமனும் போட்டோக்காரரும். அப்பாவுக்கே அவர்கள் வருவது தெரியாது. தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. பெட்டி வாசலில் இருந்தது. "அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க" என்றார் போட்டோக்காரர். உன் மாமா வந்து என் பக்கத்தில் நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சட்டை இழுப்பு.

"நான் வரலைங்க" என்றேன்.

"அதான் கூப்பிட வந்துட்டேனே, அப்புறம் என்ன?" என்றார்.

"பச்சையம்மா குழந்தையோட வந்துட்டுப் போனா. வருஷா வருஷம் எனக்குப் படையல் போடறாளாமே. செத்தவளை எப்படிங்க கூப்பிட்டுனு போவீங்க?"

மெதுவாகத்தான் சொன்னேன். தெருவில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பெரியப்பாதான் முதலில் போய்க் காரில் உட்கார்ந்தார். உன் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் பக்கம் நின்றார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரால் வெளியே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பெருமைப்படும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை உண்ணா. எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. தெருக்குழாயில் என் முறை வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கோயிலுக்குப் போனால் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிக்கொள்கிறார்கள். முதலில் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேன். இப்போது போய்விட்டுத்தான் வருகிறேன். கீழ்பென்னாத்தூரில் தையல் பள்ளி ஆரம்பிக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். பேர் கேட்டதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வைகாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மே மாசம் வா. அம்மா தினமும் கேட்கிறாள். நானும் பார்க்க வேண்டும். வந்தால் எப்படிப் பேசுவோம் என்று தெரியவில்லை. பேசாமலே இருந்தாலும் பரவாயில்லை, உனக்கு அது பழக்கம்தானே.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. கார் போன பிறகும் பரசுராமன் போகவில்லை. போட்டோக்காரரை அனுப்பிவிட்டுத் தனியாக வாசலில் நின்றார். அவருக்கும் முகம் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் பேனாவைத் திறந்துகொண்டு, "உங்க தங்கச்சி சொன்னதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எழுதிக்குங்க" என்றேன். "என் தங்கச்சி சொன்னது நெசந்தான். ஆனா அதை எங்கிட்ட சொல்லியிருக்கணும். உங்ககிட்ட இல்ல."

எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கடைக்குப் போய்ப் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தேன். போடவே இல்லை. நீ அதைப் படித்திருக்க வழியில்லை. அதனால் நானே எழுதி அனுப்புகிறேன்.

உன் அக்கா,
திரௌபதி